ரத்தம் கம்மி, உப்பு அதிகம்: ஆய்வக மேசையிலிருந்து

ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வந்து சேரும் தொந்தரவுகளுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர்கள் உண்டு. ஹீமோகுளோபின் குறைந்தால் 'ரத்தம் கம்மி'. யூரியாவோ கிரியாட்டினினோ கூடினால் 'உப்பு அதிகம்'. வெள்ளையணு கூடினால் 'ரத்தத்துல கிருமி'. டெங்கு பரவிய ஆண்டுகளில் பிளேட்லெட் குறைவதற்கு 'அணு குறைஞ்சிடுச்சு' என்ற பேச்சும் வந்து சேர்ந்துகொண்டது. சிறுநகர ஆய்வகங்களில் முப்பது, நாற்பது ஆண்டு உட்கார்ந்த நுட்பனர்கள் இந்தப் பெயர்களைத் திருத்த முயல்வதில்லை. பாதி சரிதான், மீதிப் பாதிதான் ஆளைத் தவறான மாத்திரைக்கு அனுப்புகிறது. 'ரத்தம் கம்மி' என்பவரின் உடலில் ரத்தத்தின் அளவு பெரும்பாலும் குறைந்திருக்காது. சிவப்பணுவுக்குள் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின்தான் குறைந்திருக்கும். 'கிருமி' எனப்படுவது கிருமியே அல்ல, அதை எதிர்க்கத் திரளும் அணு. ஸ்டீராய்டு மாத்திரை, பிரசவ வலி, கடுமையான ஓட்டம் என்று கிருமி இல்லாமலும் அது கூடும்.

1980-களின் தொடக்கத்தில் மாவட்ட நகரங்களில் ரத்தம் எடுத்தது கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி ஊசியால். மழுங்கிய ஊசிமுனையைக் கல்லில் தீட்டி மறுபடி வைத்துக்கொள்வார்கள். எடுத்த ரத்தம் உறையாமல் இருக்க, காலியான பென்சிலின் குப்பிகளைக் கழுவி, ஆக்சலேட் கரைசலை ஊற்றி உலர்த்தி அடுக்கி வைத்திருப்பார்கள். அளந்து எடுப்பதற்கு நுண்குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். 20 கன மில்லிமீட்டர் கோட்டில் ரத்தம் நிற்க வேண்டும்; கவனம் சிதறினால் ரத்தம் நாக்கில் உப்புக் கரிக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அந்த மாதிரிகளைப் பரிசோதித்த இடம் வேலூர் சி.எம்.சி. அந்தச் செய்திக்குப் பிறகு சில ஆண்டுகளில் வாயால் உறிஞ்சுவது மெல்ல நின்றது. கண்ணாடி ஊசியும் போயிற்று. பாதுகாப்பு வகுப்புகள் செய்யாததைப் பயம் செய்தது.

அன்றைய ஹீமோகுளோபின் அளவை சாலி முறையில் வந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ரத்தத்தைக் கலந்து பத்து நிமிடம் வைத்தால் பழுப்பு நிறம் வரும். பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை வடிநீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒத்துப்போனதா இல்லையா என்று சொல்வது கண். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் பார்த்தவருக்கு 10 கிராம்; மாலையில் குழல்விளக்கின் கீழ் பார்த்தவருக்கு 11. அவசரக்காரர்கள் பத்து நிமிடம் காத்திருக்க மாட்டார்கள். நிறம் முழுதும் வருவதற்குள் நீர் விட்டுவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். பின்னால் டிராப்கின் கரைசலும் நிறமானியும் வந்தபோது கண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. 540 நானோமீட்டர் ஒளியில் கருவியே படித்துச் சொன்னது. ஒரே ஆள் பழைய ரிப்போர்ட்டில் 9.5, புதியதில் 10.8 என்று பார்த்து, 'மாத்திரை வேலை செய்யுது' என்று மகிழ்ந்ததும் உண்டு. மாறியது ரத்தம் அல்ல, அளந்த முறை.

வெள்ளையணுவை எண்ணியது நியூபாவர் அறையில். இருபது மடங்கு நீர்த்த ரத்தத்தை அந்தக் கண்ணாடிக் கட்டங்களில் விட்டு, நான்கு மூலைக் கட்டங்களில் தெரிவதை எண்ணி 50-ஆல் பெருக்க வேண்டும். ஆகவே ஒழுங்காக எண்ணியவரின் ரிப்போர்ட் 7,450 என்றோ 8,200 என்றோ 50-இன் மடங்காகவே முடியும். 7,430 என்று எழுதப்பட்ட காகிதம் வந்தால் அனுபவப்பட்டவர்கள் சிரிப்பார்கள். அது மைக்ராஸ்கோப்பில் எண்ணியது அல்ல, மனக்கணக்கில் எழுதியது.

எண்ணிக்கையைவிட அதிகம் சொன்னது ஸ்லைடு. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, லீஷ்மன் சாயம் ஏற்றிப் பார்ப்பது. சாயத்தை உருவாக்கிய வில்லியம் லீஷ்மனின் பெயரும் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டொனவனின் பெயரும் காலா ஆசார் காய்ச்சலின் ஒட்டுண்ணியில் சேர்ந்தே நிற்கின்றன. இருவரும் 1903-இல் தனித்தனியே அதைப் பற்றி எழுதினார்கள். சாயத்தின் தரம் தண்ணீரைப் பொறுத்தது. காரமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் எல்லா அணுவும் நீலமாகிவிடும். ஈஸ்னோபிலின் சிவப்பு மணிகள் மங்கிப்போகும். மழைக்காலத்தில் தேய்த்த ஸ்லைடை உடனே மெத்தனாலில் நிலைப்படுத்தாமல் மேசையில் விட்டால் ஈயும் கரப்பானும் ரத்தத்தைத் தின்றுவிட்டிருக்கும். நோயாளியை மறுபடி கூப்பிட்டுக் குத்துவதற்கு அதைக் காரணமாகச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

சிவப்பணுவில் தொடங்குவதே வழக்கம், வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்காகவே வருவதால். படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வலிக்கிறது, முடி கொட்டுகிறது என்பார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலே பாதி விடை தெரியும். மீதி விடை சில நேரம் அம்மாவின் புகாரில் இருக்கும்: 'இவ பல்பம் திங்கிறா சார்.' சிலேட்டுக் குச்சி, பச்சரிசி, திருநீறு, செம்மண், ஐஸ்கட்டி இவற்றில் ஏதாவது ஒன்றின் மீது அடங்காத ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். அடித்துத் திருத்த வேண்டிய கெட்ட பழக்கம் என்றே வீடுகள் நினைத்தன. இரும்பு மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளில் ஆசை தானாகப் போகும்போதுதான் நம்புவார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். சத்துணவும் இலவச மாத்திரையும் எட்டியிருக்கும் மாநிலத்திலேயே இப்படி.

மாத்திரை வாங்கியும் ஏறாததற்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் டீக்குவளையில் கிடைக்கும். சாப்பிட்டவுடன் குடிக்கும் டீ இரும்பைக் குடல் ஏற்கவிடாமல் பிடித்துவைக்கிறது. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியவர்கள் இன்னொரு கூட்டம். 'ரத்தம் ஊற' பீட்ரூட் சாறு, பேரீச்சை என்று குடும்பங்கள் செலவழித்தன. நிறம் சிவப்பாக இருப்பதாலேயே இரும்பு நிறைய இருக்காது. ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்த பாட்டிகள் இதில் மற்ற எல்லாரையும்விடச் சரியான இடத்தில் நின்றார்கள்; மண்ணீரலில் இரும்பு உண்மையிலேயே அதிகம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் ஏறும். வாராவாரம் பரிசோதிக்க வருகிறவருக்கு அதனால்தான் பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்வது. அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும் என்பதே பலரும் தவறவிடும் அறிவுரை.

பெண்களுக்கு மாதவிலக்கு என்ற காரணம் கையிலேயே இருக்கிறது. அறுபது வயது ஆணுக்கு அது இல்லை. அப்படி ஒருவர் 7 கிராமோடு வந்து, டானிக் எழுதி அனுப்பப்பட்டு, ஆறு மாதம் கழித்து 6 கிராமோடு திரும்பி வந்த கதை ஏறக்குறைய எல்லா ஆய்வகத்திலும் உண்டு. ஸ்லைடில் சிறுத்து வெளிறிய அணுக்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம். கடைசியில் பெருங்குடலில் கட்டி. வயதான ஆணுக்கு இரும்பு குறைந்தால் சாப்பாட்டைக் கேட்பதற்கு முன் ரத்தம் எங்கே ஒழுகுகிறது என்று கேட்க வேண்டும்.

சிறுத்த அணு எல்லாமே இரும்புக் குறைவும் அல்ல. அணுவின் சராசரிக் கொள்ளளவான எம்.சி.வி.யை, மில்லியனில் சொல்லும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் எளிய கணக்கு ஒன்றை மென்ட்சர் 1973-இல் சொன்னார். எம்.சி.வி. 68, சிவப்பணு 3.8 மில்லியன் என்றால் விடை 17-ஐத் தாண்டும். 13-க்கு மேல் போனால் இரும்புக் குறைவு என்று ஊகிக்கலாம். எம்.சி.வி. 62, சிவப்பணு 5.8 மில்லியன் என்றால் விடை 11-ஐத் தொடாது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் என்ற சந்தேகம் வரும். அப்படிப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியிருப்பார்கள், 'ஏறவே மாட்டேங்குது' என்று. அவர்களுக்கு வேண்டியது மாத்திரை அல்ல. ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனையும், கல்யாணத்துக்கு முன் துணைக்கும் அதே பரிசோதனையும். நீலகிரியில் வேறொரு மரபுக்கோளாறு. அங்குள்ள பழங்குடியினரிடம் அரிவாள் அணுவை லேமனும் கட்பஷும் கண்டு எழுதியது 1952-இல். இந்தியாவில் அதுவே முதல் பதிவு. அந்த மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவரின் சாதாரண ஸ்லைடில் அரிவாள் வடிவம் தெரியாது; ஆக்சிஜனை இழக்கச் செய்யும் ரசாயனத்தைச் சேர்த்துக் காத்திருந்தால்தான் அணு வளையும்.

பெருத்த அணு இன்னொரு திசை. பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் சோகையை 1928 முதல் ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் அதைத் தீர்ப்பதை 1931-இல் அறிவித்தார். இடையில் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் அவர் வேலை செய்திருக்கிறார். மார்மைட்டில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. இன்று பெருத்த அணுவோடு வருகிறவர்களில் பலருக்குக் குறைவது பி12. சுத்த சைவக்காரர்கள், ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள். நாக்கு வழவழவென்று சிவந்து எரியும், பாதம் மரத்துப்போகும். மரத்துப்போவதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டால் பி12 தப்பிவிடும். ஸ்லைடில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவின் கரு ஐந்தாறு துண்டாகப் பிரிந்திருப்பதைப் பார்த்தவர் தப்பவிட மாட்டார்.

வெள்ளையணுவில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு நன்கு பழகிய பெயர் ஈஸ்னோபில். 'ஈஸ்னோபீலியா இருக்கு' என்று தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் சொல்லிக்கொள்வார்கள். 12 சதவீதம் என்று கண்டதும் பயம் வேறு. மொத்த வெள்ளையணு 5,000 என்றால் 12 சதவீதம் 600 அணுதான், இயல்பின் விளிம்பைக் கொஞ்சம் தாண்டியது. 15,000 என்றால் 1,800. சதவீதத்தை மட்டும் படிப்பது, சம்பளத்தைச் சொல்லாமல் உயர்வைச் சொல்வது மாதிரி. உண்மையான தொல்லை 3,000-க்கு மேல் போகும்போது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தில், காசநோய் என்று அனுப்பப்பட்ட சிலருக்கு அந்த நோயே இல்லை, ஈஸ்னோபில்தான் ஏறியிருக்கிறது என்பதை ஃப்ரீமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல் எழுதினார்கள். 1943-இல் வைங்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல ஈஸ்னோபீலியா என்று பெயரிட்டார். ராத்திரி இருமல், இளைப்பு, மெலிவு. காரணம் யானைக்கால் புழுவுக்கு நுரையீரல் காட்டும் மிகையான எதிர்ப்பு. ஹெட்ரசான் மாத்திரையில் ஒரு வாரத்துக்குள் இருமல் அடங்கிவிடும். இவர்களின் ரத்தத்தில் புழுவின் குஞ்சு பெரும்பாலும் தெரியாது. தெரியும் வகையினருக்கும் இரவு பத்து மணிக்குப் பிறகு ரத்தம் எடுத்தால்தான் தெரியும். அதற்காகவே ஊர் உறங்கும் நேரத்தில் வீடு வீடாகப் போய் விரலில் குத்திய களப்பணியாளர்கள் ஒரு தலைமுறை முழுதும் இருந்தார்கள்.

எண்ணும் கருவிகள் வந்த பிறகு வேலை மாறியது. சின்னத் துளை வழியே அணு ஒவ்வொன்றாகப் போகும்போது மின்தடை மாறுவதை எண்ணும் உத்தி வாலஸ் கூல்ட்டருடையது. 1953-இல் காப்புரிமை பெற்றார். சிறு நகரங்களுக்கு அது வந்து சேர நாற்பது, ஐம்பது ஆண்டு ஆனது. ஒரு நிமிடத்தில் பதினெட்டு எண்கள் அச்சாகி விழுந்தன. சிவப்பணு எண்ணிக்கையில் கண்ணும் கையும் செய்த பிழைகளை அது ஒழித்தது உண்மை. ஆனால் விலை குறைந்த கருவி வெள்ளையணுவை அளவை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கும், அவ்வளவே. காய்ச்சலும் வெளிறிய முகமுமாக வந்த ஐந்து வயதுக் குழந்தை. வெள்ளையணு 9,000, லிம்ஃபோசைட் 88 சதவீதம். கருவி தவறாக எதுவும் சொல்லவில்லை, குழந்தைக்கு வைரஸ் காய்ச்சல் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். ஸ்லைடில் லிம்ஃபோசைட் என்று கருவி எண்ணியவை முதிராத பிளாஸ்ட் அணுக்கள், ரத்தப் புற்று. ஸ்லைடு பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று சில மூத்த நுட்பனர்கள் பிடிவாதம் பிடிப்பது இப்படி ஒரு பிற்பகலுக்குப் பிறகுதான்.

நேர்மாறான வகையும் உண்டு. இடப்பக்க வயிறு கல் மாதிரி கனக்கிறது என்றோ, எதுவுமே இல்லாமல் வேலைக்கான உடற்தகுதிச் சான்றுக்கோ வந்தவரின் வெள்ளையணு 1.8 லட்சம். நியூபாவர் அறையில் கட்டமே தெரியாமல் அணு மொய்த்திருக்கும். இன்னும் நீர்த்து எண்ண வேண்டும். நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா. 1990-களில் இந்த ஸ்லைடைப் பார்த்தவருக்குக் கணக்கு தெரியும், இன்னும் சில ஆண்டு. 2001-இல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. இந்திய நிறுவனங்கள் அதைக் குறைந்த விலையில் செய்தன. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் வைத்த காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தது. மாத்திரையோடு பத்து, பதினைந்து ஆண்டாகப் பரிசோதனைக்கு வந்துபோகிறவர்களை நுட்பனர்களுக்குப் பேர் சொல்லித் தெரியும்.

கருவியின் அச்சு இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவந்தது. பிளேட்லெட் '150' என்று அச்சாகும், ஆயிரத்தின் அலகில். டெங்குக் காலத்தில் அதைப் பார்த்து, நூற்றைம்பது அணுதான் மிச்சம் என்று கதறிய தாய்மார் உண்டு. 150 என்பது ஒன்றரை லட்சம். இயல்பின் கீழ் விளிம்பு. அதனால்தான் சில ஆய்வகங்கள் இன்னமும் கையால் 'லட்சம்' என்று எழுதிக் கொடுக்கின்றன. 2012-இலும் 2017-இலும் தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாக இருந்தது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று அணு எண்ணச் சொல்லி வரிசை நின்றது. எல்லாரும் பார்த்தது பிளேட்லெட்டை. பார்க்க வேண்டியது அதன் பக்கத்து வரியை. ரத்தத்தில் அணுக்கள் அடைக்கும் பங்கான ஹீமட்டோகிரிட், தொடக்க அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கசிவு. அது தொடங்குவதும் காய்ச்சல் விட்ட பிறகு, 'சரியாயிடுச்சு' என்று வீடு நிம்மதியாகும் அன்று. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணைப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பப்பாளி இலைச் சாறு பெயர் வாங்கியதும் இந்த நாள் கணக்கில்தான். ஏழாம் நாளையொட்டிப் பிளேட்லெட் தானாக ஏறும். சாறு ஐந்தாம் நாள் தொடங்கியிருக்கும்.

எந்தக் காய்ச்சலும் இல்லாமல், உடலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல் 18,000 என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குப்பியை. ஊதா மூடிக் குப்பியில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கும். கருவிக்குக் கொத்து தெரியாது. ஸ்லைடின் ஓரத்தில் திராட்சைக்குலை மாதிரி அவை கிடக்கும். நீல மூடிச் சிட்ரேட் குப்பியில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் வரும். இதைச் செய்யாமல் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்ட மருத்துவமனைகள் உண்டு.

குப்பிக்கு முந்தியது கை. ஒரு மருத்துவமனையில் அறுவை முடிந்த பெண்ணுக்குக் காலையில் ஹீமோகுளோபின் 11, மாலையில் 6.5. உள்ளே ரத்தம் கசிகிறது என்று இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் ஓடினார்கள். அதே மாதிரியில் சர்க்கரை 600-ஐத் தாண்டியிருந்ததைப் பார்த்த நுட்பனர் வார்டுக்குப் போய்ப் பார்த்தார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த அதே கையில் ரத்தம் எடுத்திருந்தார்கள். மறு கையில் எடுத்தபோது 10.8. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹீமட்டோகிரிட் வர வேண்டும் என்ற பழைய விதி இங்கே உதவாது, இரண்டும் சேர்ந்தே நீர்த்துப்போவதால். ரத்தத்தில் கொழுப்பு மிதந்து ஹீமோகுளோபின் மட்டும் பொய்யாக 18 காட்டும்போதுதான் அந்த விதி கைகொடுக்கும்.

முழு உடல் பரிசோதனைப் பொதிகள் வந்தபின் நோயில்லாதவர்களின் கூட்டம் பெருகியது. 'இயல்பு வரம்பு' என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினர் அடங்கும் எல்லை. மீதி ஐந்து பேர் ஆரோக்கியமாகவே வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனை செய்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் அச்சாக நூற்றுக்கு 64 வாய்ப்பு. அதற்கு மருந்து பழைய ரிப்போர்ட். பத்து ஆண்டாக வெள்ளையணு 3,800-லேயே நிற்பவரைவிட, 9,000-லிருந்து ஆறு மாதத்தில் 4,500-க்கு இறங்கியவரைத்தான் கவனிக்க வேண்டும். பின்னவருடைய ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தே இருக்காது.

ரத்தம் உறைவது கடைசி. பல் பிடுங்கிய இடத்தில் விடாத ஒழுக்கு, முட்டியில் ரத்தம் கட்டும் சிறுவன், ஒன்பது நாளாகியும் நிற்காத மாதவிலக்கு இவற்றில் பிளேட்லெட் சரியாக இருந்தாலும் உறையும் காரணிகளைப் பார்க்க வேண்டும். அதற்கான கருவிகள் நகரத்தில்தான். ஆனால் கிராமத்திலும் செய்யக்கூடிய ஒன்றைக் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உயிரோடு வைத்திருக்கின்றன. கடிபட்டவரின் ரத்தம் 2 மில்லியைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் உறைதலைக் கெடுத்துவிட்டது. விஷமுறி மருந்து தேவை. கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அதே குழாய், அதே இருபது நிமிடம். பிளாஸ்டிக் குழாயில் செய்யக் கூடாது, கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தொடங்கிவைப்பதால். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் கூடாது. அந்தப் படிவில் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று, கடியே படாதவருக்கு விஷம் ஏறியதாகக் காட்டிவிடும். அதனால் இதற்கென்று புதிய குழாய்களை ஒரு டப்பாவில் தனியாக, யாரும் கழுவிவிடாதபடி, பூட்டி வைக்கும் வழக்கம் உண்டு.